பதினேழாவது கேள்வி

“அந்தப் பொண்ணு மறுபடியும் வந்துட்டுப் போச்சு” என்றாள் பேச்சியம்மாள்.

முதல் ஷிப்டு முடிந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த கருப்பசாமிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

“எந்தப் பொண்ணு?”

“கண்ணாடி போட்ட பொண்ணு. மெட்ராஸ்லருந்து நோய்க்கணக்கு எடுக்க வந்துச்சே, காந்திமதி.”

“அதான் ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே எல்லாம் கேட்டுட்டுப் போயிருச்சே?”

“திரும்பக் கேக்கணுமாம். அதே கேள்விதானாம். வியாழக்கிழமை வருமாம்.”

“அதேயா? நாப்பதுமா?”

“நாப்பதும்.”

ஒற்றைக் கால் பூட்ஸோடு கருப்பசாமி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பவர்கள் என்று அவருக்குத் தெரிந்தது ஒரே கூட்டம்தான். போலீஸ்.

நெய்வேலியில் சுரங்கத்து ஆளிலிருந்து பெரிய அதிகாரி வரை ஐம்பது வயது தாண்டியவர்களில் முந்நூறு பேரைப் பொறுக்கி எடுத்து அந்தக் கேள்வித்தாளை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெறும் நோய்களை மட்டும் கேட்டிருந்தால்கூட மனசு சமாதானமாகியிருக்கும். பேர் என்ன, சொந்த ஊர் எது, தாய்மொழி எது என்றெல்லாம் மேலே கேட்டு எழுதிக்கொண்டு அப்புறம்தான் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் வந்தார்கள். எந்தச் சீமைக்காரன் உடம்பு முதலில் உளுத்துப்போகிறது என்று பார்த்து, அந்தச் சீமைக்காரர்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரத்தில் பேச்சு அடிபட்டது. கருப்பசாமி சாத்தூர்ப் பக்கம். சாத்தூர்க்காரன் மானம் தன் நெஞ்சுக்கூட்டில் இருக்கிறது என்று நினைத்துத்தான் அன்றைக்குப் பதில் சொன்னார்.

அந்த நெஞ்சுக்கூடு அவருக்குத் துணை நிற்கவில்லை என்பது வேறு விஷயம். சுரங்கத்தின் அடியில், கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற நிலக்கரியை ஷவலால் அள்ளித் திரும்பவும் பெல்ட்டில் போடுவதுதான் இருபத்துநாலு வருஷமாக அவர் வேலை. காலையில் எழுந்ததும் கால் மணி நேரம் இருமுவார். சளி கறுப்பாக வரும். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு இருமுவார். படுத்தால் நெஞ்சின்மேல் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பதால் ஆறு மாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூக்கம்.

இதை வெளியே சொன்னால் ‘அன்ஃபிட்’. போன வருஷம் கிரேன் ஆபரேட்டர் ஜெயராமனுக்கு அந்த முத்திரை விழுந்தது. மூன்றே மாதம். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, கட்டிலையும் கிரைண்டரையும் லாரியில் ஏற்றினான். ஏற்றுகிறவரைக்கும் ஒரு தடவைகூட இருமவில்லை அவன். கருப்பசாமிக்கு இன்னும் மூன்று வருஷ சர்வீஸ் பாக்கி. மகள் சந்திரா நர்ஸ் படிப்பு முடிக்க இரண்டு வருஷம். அதுவரை நெஞ்சு வாயைத் திறக்காமல் இருந்தாக வேண்டும்.

“நான் அன்னைக்கு என்னத்தச் சொன்னேன்?” என்று கேட்டார்.

“உங்களுக்கே தெரியாதா?”

“எல்லாத்துக்கும் இல்லைன்னு சொன்னா நம்ப மாட்டாகன்னு நடுவுல ரெண்டு மூணுக்கு ஆமான்னு சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னுதான் பிடிபடல.”

“பல்லு வலிக்கு ஆமான்னீக. முட்டி வலிக்கு ஆமான்னீக.”

“முட்டி வலிக்கா? முட்டி வலின்னா ஏணி ஏற முடியாதுன்னு எழுதிருவாக. நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.”

“அப்ப வயித்து வலியா இருக்கும்.”

“ஒழுங்கா நினைச்சுச் சொல்லு!”

“அடுப்புல குழம்பு கொதிச்சுச்சு. உங்க உறுப்பையெல்லாமா எண்ணிக்கிட்டு நிப்பேன்?”

சட்டையைக்கூட மாற்றாமல் பக்கத்து வீட்டுத் தைரியநாதனைப் பார்க்கப் போனார் கருப்பசாமி. டவுன்ஷிப்பில் ஒரு வழக்கம் இருந்தது. குவார்ட்டர்ஸ் மாற்றமோ, லீவு பயணப்படியோ, எந்த ஃபாரம் வந்தாலும் ஒருத்தர் சரியாக எழுதுவார்; மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அதற்குப் பெயர் ‘மாதிரி’. ஒரு தடவை ஒரு பிளாக் முழுக்கத் தகப்பன் பெயர் என்கிற இடத்தில், மாதிரி எழுதிக்கொடுத்த சிங்காரவேலுவின் தகப்பன் பெயரே போய்விட்டது. ஆபீஸிலும் யாரும் கேட்கவில்லை.

தைரியநாதன் கடலூர்ப் பக்கத்து ஆள். பவர் ஹவுஸில் ஃபிட்டர். அவருக்கும் ஐம்பத்தைந்து.

“எங்கிட்ட கேளுங்கண்ணே” என்றார் அவர் தெம்பாக. “நீங்க சொல்லச் சொல்ல நான் ஜன்னலாண்ட நின்னுகினு கேட்டுகினுதானே இருந்தேன்? அப்பறம் என் வூட்டுக்கு அந்தப் பொண்ணு வந்தப்ப அதையே சொல்லிட்டேன். காலண்டருக்குப் பின்னாடி நம்பரா எழுதி வெச்சிருக்கேன் பாருங்க.”

மாதா கோயில் காலண்டரைத் திருப்பினார். நாலு, ஒன்பது, பதினெட்டு, முப்பத்தொன்று. இவற்றுக்கு மட்டும் ஆமா. மற்றதெல்லாம் இல்லை.

“கேள்வி என்னன்னு எழுதலியா?”

“கேள்வி எதுக்குண்ணே? அவங்க கேக்கற நம்பர எண்ணிக்கினே வாங்க. நாலு வந்தா ஆமா. ஒம்பது வந்தா ஆமா. பதில் போதும்.”

இரண்டு நாள் கருப்பசாமி ஷவல் போடுகிற தாளத்திலேயே அந்த நாலு எண்ணையும் உருப்போட்டார்.

வியாழக்கிழமை காந்திமதி வந்தாள். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த முகம். கருப்பசாமி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, விரல்விட்டு எண்ணத் தயாரானார்.

“பேரு கருப்பசாமிங்களா?”

ஒன்று.

“சொந்த ஊர் சாத்தூர்?”

இரண்டு.

“தாய்மொழி தமிழ்தானே?”

மூன்று. அடுத்தது நாலு.

“நல்லா பசிக்குதுங்களா?”

“ஆமா!” என்றார், பட்டாளத்துக்காரன் மாதிரி.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விரல் ஒன்பதுக்கு வந்தது.

“வீட்ல இருக்கறவங்க உங்கள மதிக்கறதில்லன்னு தோணுதா?”

“ஆமா.”

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. தானாக விழுந்த சத்தமாக அது தெரியவில்லை. ஆனாலும் எண்ணிக்கையை விட்டால் எல்லாம் போச்சு. பத்து, பதினொன்று என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். பதினெட்டு.

“பக்கத்துல யாரும் இல்லாதப்ப காதுல யாராவது பேசற மாதிரி குரல் கேக்குதா?”

“ஆமா.”

காந்திமதி பேனாவை நிறுத்தினாள். “கேக்குதுங்களா?”

“...ஆமா.”

“என்ன சொல்லுதுங்க அந்தக் குரல்?”

கருப்பசாமி கூரையைப் பார்த்தார். “ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு சொல்லும்.”

சொல்லும்போதே இருமல் கிளம்பிவிட்டது. திறந்துவிடக் குழாயும் இல்லை, மறைக்கச் சுவரும் இல்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, “எனக்கு இப்பவே நேரமாச்சும்மா, இன்னொரு நாள் வாங்க” என்று எழுந்துவிட்டார்.

“ஐயா, பாதியில விட்டா செல்லாதுங்க. சரி, இதைக் கிழிச்சிடறேன். சனிக்கிழமை முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்.” அவள் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வருகிற மாதிரிதான் இருந்தது. “எல்லா வீட்லயும் இதே கதைதாங்க. தெக்கத்திக்காரங்களுக்கு எந்த நோயும் இல்ல. இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இல்லாத நோயே இல்ல. கேரளாக்காரங்க, இதை எதுக்குக் கேக்கறேன்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க. எல்லாரும் ஒரே தூசிலதான வேலை பாக்கறீங்க?”

“ரெண்டாவது தடவை எதுக்கும்மா கேக்கறீக?”

“அன்னைக்குச் சொன்னதையேதான் இன்னைக்கும் சொல்றீங்களான்னு பாக்கறதுக்கு.”

கருப்பசாமி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு குரலை இறக்கினார்.

“நான் அன்னைக்கு என்ன சொன்னேன்னு ஒருவாட்டி...”

“எனக்கே தெரியாதுங்க. அந்தக் கட்டு டிஸ்பென்சரி மாடியில பீரோவுல இருக்கு. நானும் பாக்கக் கூடாது, நீங்களும் பாக்கக் கூடாது.”

அவள் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் பேச்சியம்மாள் வெளியே வந்தாள்.

“யாரு உங்கள மதிக்கல?”

“அது ஒன்பதாம் நம்பருடி!”

“முப்பது வருஷமா சோறு பொங்கிப் போட்டவ உங்களுக்கு ஒன்பதாம் நம்பரா?”

அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைத்தது. குழம்பு கிடைக்கவில்லை.

மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போனார். கையில் சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம். மாடிக்கு இருபத்திரண்டு படி. பதினோராவது படியில் மூச்சு நின்றுபோய்விட்டது. கீழே இறங்கி வந்த நர்ஸம்மா உற்றுப் பார்த்தாள். கருப்பசாமி சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாடு நோட்டீஸை ரொம்ப அக்கறையாகப் படிப்பதுபோல நின்றார். ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு இதில் இவ்வளவு அக்கறையா என்கிற மாதிரி அவள் போய்விட்டாள்.

மாடியில் அட்டெண்டர் கொளஞ்சிநாதன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். விருத்தாசலத்துப் பக்கத்துக்காரன், முப்பது வயது. விஷயத்தைக் காதோடு சொன்னார் கருப்பசாமி.

“பாக்கக் கூடாதுங்களே” என்றான் அவன், சேவைப் பிரித்துக்கொண்டே.

“தம்பி, மூணு உசுரு அந்தப் பேப்பர்ல இருக்கு.”

நாலு சேவை மென்று முடித்து, அவன் எழுந்து பீரோவைத் திறந்தான். “பேரு கருப்பசாமி. சாத்தூரு. இந்தாங்க. ஓரமா நின்னுகினு பாருங்க. எழுதிக்கக் கூடாது.”

பார்த்தார். மூன்றே மூன்றுக்குத்தான் ஆமா போட்டிருந்தது. பல் வலிக்கு, வெள்ளெழுத்துக்கு, நன்றாகப் பசிக்கிறதா என்பதற்கு. தைரியநாதன் காலண்டரில் இருந்தது யாருடைய உடம்போ. ஜன்னலில் நின்றவர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். மீதிக்குத் தன் சம்சாரம் லூசியம்மாளின் நோயைப் போட்டு நிரப்பியிருக்கிறார்.

பதினேழாவது கேள்விக்கு வந்தபோது கண் நின்றது. சமதரையில் நடந்தாலே மூச்சு வாங்குகிறதா? பக்கத்தில் காந்திமதியின் கையெழுத்தில் இருந்தது: ‘இல்லை. சிரித்தார்.’

“சிரிச்சேனா?” என்றார் கருப்பசாமி.

“சிரிச்சிருக்கீங்க. எழுதியிருக்குல்ல.”

“அப்ப நாளைக்கும் சிரிக்கணுமா?”

“அத நான் எப்பிடிங்க சொல்றது? மாறாம இருந்தா நல்லது.”

சனிக்கிழமை காந்திமதி கேட்டாள். அவர் சொன்னார். எண்ணவில்லை, விரல் மடக்கவில்லை. இல்லை, இல்லை, ஆமா, இல்லை. பொய் சொல்வது இத்தனை சுலபமா என்று அவருக்கே பயமாக இருந்தது. பதினாறு முடிந்தது.

“சமதரையில நடந்தாலே மூச்சு வாங்குதுங்களா?”

கருப்பசாமி சிரித்தார்.

முதல் இரண்டு சிரிப்பும் நன்றாகத்தான் வந்தன. மூன்றாவது நெஞ்சில் சிக்கிக்கொண்டது. காற்று உள்ளே போகவில்லை. போன காற்று வெளியே வரவில்லை. நிறுத்தினால் இழுப்பது தெரிந்துவிடும். ஆகவே நிறுத்தாமல் சிரித்தார். தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. வீடு இருண்டுகொண்டு வந்தது. எதிரே கண்ணாடி போட்ட ஒரு முகம் மங்கலாகத் தெரிந்தது. அதுவும் சிரித்துக்கொண்டிருந்தது.

“போதுங்க, போதுங்க! எனக்கே சிரிப்பு தாங்கல” என்றாள் காந்திமதி. “அப்ப, இல்லைதானே?”

தலையை ஆட்டினார். பேச்சு வரவில்லை.

‘இல்லை. சிரித்தார்’ என்று அவள் எழுதிக்கொண்டாள்.

அவள் போன பிறகு பேச்சியம்மாள் சொம்பில் சுடுதண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சிரிக்கவில்லை. புருஷனின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது அவருக்கு. அரை மணி நேரம் ஆயிற்று அது நிறம் மாற.

“ஜெயிச்சுட்டேன்டி” என்றார்.

“ஆமா. இன்னொரு தடவை இப்பிடி ஜெயிச்சீகன்னா தூக்கத்தான் நாலு பேரு வேணும்.”

செவ்வாய்க்கிழமை ஓலை வந்தது. காலை பத்து மணிக்கு டிஸ்பென்சரியில் பெரிய டாக்டரைப் பார்க்கவும். முந்நூறு பேரில் அந்த பிளாக்கில் அவர் ஒருத்தருக்குத்தான் வந்திருந்தது. தைரியநாதன் கேள்விப்பட்டதும் காலண்டரைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, தனக்கும் கருப்பசாமிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

“பீரோவைத் திறந்தது தெரிஞ்சுபோச்சு” என்றார் கருப்பசாமி. “கேசு போடுவாக.”

“நல்லதாப் போச்சு” என்றாள் பேச்சியம்மாள். “போயி உள்ளதைச் சொல்லிருங்க. நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லுங்க. வீடு போனாப் போகட்டும். சாத்தூர்ல தீப்பெட்டி ஒட்டியாச்சும் பிள்ளையப் படிக்க வச்சிருவேன். ஆளு இருக்கணும் எனக்கு.”

முப்பது வருஷத்தில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. கம்பெனி பஸ்ஸில் போகும்போது முதல் தடவையாக, வேலை போகும் பயத்தைவிட உயிர் போகும் பயம் ஒரு பிடி கூடுதலாக இருந்தது. நிறுத்தத்திலிருந்து டிஸ்பென்சரிக்கு நூறு தப்படி. சமதரை. மூன்று இடத்தில் நின்றார்.

பெரிய டாக்டர் கீழ் அறையிலேயே இருந்தார். நரைத்த தலை, சலவை மடிப்புக் கலையாத கோட்டு. மேசைமேல் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில்.

“வாங்க, கருப்பசாமி! உக்காருங்க. உங்களப் பாக்கணும்னுதான் கூப்பிட்டேன்.”

கருப்பசாமி உட்காரவில்லை.

“ரெண்டு தடவை கேட்டோம். நாப்பது கேள்வி. ஒண்ணுகூட மாறல. சிரிச்ச இடத்துலகூட சிரிச்சிருக்கீங்க! மத்தவங்க லட்சணம் தெரியுமா? காண்ட்ராக்ட் ஆளு கலியன், முதல் தடவை கேட்ட நோயெல்லாம் இருக்குன்னான். டானிக் குடுப்பாங்கன்னு நெனச்சானாம். குடுக்கலன்னதும் ரெண்டாவது தடவை ஒரு நோயும் இல்லைன்னுட்டான். முந்நூறு பேர்ல ரெண்டே ரெண்டு பேர் சொன்னதுதான் அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஒருத்தர் நீங்க. இந்த மாதிரி நம்பகமான ஆளு இருந்தா எக்ஸ்ரேயே தேவையில்லன்னு ரிப்போர்ட் எழுதப்போறேன்.”

“ஐயா” என்றார் கருப்பசாமி. “நான் சொன்னதெல்லாம் பொய்யிங்க.”

டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது.

“எனக்கு மூச்சு வாங்குதுங்க. பஸ்ஸ்டாப்புலருந்து இங்க வர்றதுக்குள்ள மூணு தடவை நின்னேன். சளி கறுப்பா வருது. ஆறு மாசமா படுத்துத் தூங்கல. வேலை போயிருமோன்னு பயந்துதான் மறைச்சேன். ஒரே ஒரு படம் எடுத்துப் பாருங்கய்யா.”

“பொய்யா? ரெண்டு தடவையும் ஒரே மாதிரி எப்பிடிய்யா பொய் சொல்ல முடியும்?”

“மனப்பாடம் பண்ணினேங்க.”

“உளறாதீங்க.” டாக்டர் குரல் திடீரென்று ஏறியது. “இப்ப வாய்க்கு வந்ததச் சொல்றீங்க. இதை நம்பறதா, ரெண்டு தடவை எழுத்துல இருக்கறத நம்பறதா? ரெண்டு தடவை இல்லைன்னா இல்லைதான்! இதுல எழுதியிருக்கறது பொய்யின்னு ஒருத்தர் ஆரம்பிச்சா அப்புறம் எல்லாருக்கும்...”

முடிக்கவில்லை. டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை மூச்சை இழுத்துவிட்டார். பிறகு சீட்டை இழுத்து, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

“ஃபிட். ரிட்டையர்மெண்ட் வரைக்கும் ஃபிட். போய் வேலையப் பாருங்க. எக்ஸ்ரே, கிக்ஸ்ரேன்னு யார்கிட்டயும் பேசிக்கிட்டுத் திரியாதீங்க.”

கருப்பசாமி சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மூன்று வருஷமும் குவார்ட்டர்ஸும் மகளின் படிப்பும் அந்தச் சீட்டில் இருந்தன. எதற்காக இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தாரோ, அது கையில் இருந்தது. மூச்சுதான் இல்லை. வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடிப்படிக்குக் கீழே கொளஞ்சிநாதன் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னாங்க, காயா பழமா?”

“ஃபிட்டாம்” என்றார், மூன்று மூச்சில். “ரெண்டு பேரு பேப்பருதான் மாறாம இருந்துச்சாம், தம்பி. ஒண்ணு என்னுது. எனக்கு வாய்ச்ச மாதிரி சீக்கு எவனுக்கு வாய்ச்சிருக்கு? யாருப்பா அந்த இன்னொரு ஆளு?”

கொளஞ்சிநாதன் பெரிய டாக்டர் அறைக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான்.

“உள்ள உங்களுக்கு ஃபிட்டு குடுத்தாரே, அவரேதாங்க. மூச்சு வாங்குது, மாடி ஏற முடியலன்னு சொன்னாரு. அவரு ஃபாரத்த நாந்தான் பீரோவுலேருந்து எடுத்துக் கீழ கொண்டாந்து காட்டினேன்.”